திருமணத்துக்குப் பின்னான பதினெட்டு அதிகாரங்கள்

ஒஸ்லோவின் கிழக்கே, ட்வெய்ட்டாவில், 1960களின் பிற்பகுதியில் எழுந்த மூன்று உயர்ந்த மாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. 1970இல் இங்கு நகர ரயில் வந்தது. பின்னாளில் இந்தப் பள்ளத்தாக்கின் மாடிவீடுகளுக்குப் பல நாட்டவரோடு எம்மவரும் வந்து சேர்ந்தனர். கணவன் முன்னே வர, வருடங்கள் கழித்து மனைவி வந்த குடும்பங்கள் உண்டு. புகைப்படத்தில் மட்டும் பார்த்தவரை விமான நிலையத்தில் முதன்முதலாகச் சந்தித்தவர்களும் உண்டு. ஊரில் அடுப்படிப் பக்கம் எட்டிப்பாராத ஆண் இங்கு சமைக்கப் பழகினான். படலை தாண்டத் துணை தேடிய பெண் பனியில் தனியே இரவு வேலைக்குப் போய்வந்தாள். சிலர் பிரிந்தனர். பலர் ஒருவரையொருவர் மாற்றி, தாமும் மாறி, ஏதோ ஒரு விதத்தில் அன்பு செய்யக் கற்றுக்கொண்டனர்.

இவர்களுடைய காதலைச் சொல்லும் நாவல் எங்கே? காதல் நாவல்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. இருவர் சந்தித்து, இருவருமே மாறி, அந்த மாற்றத்தை வாசகர் நம்பும்படி எழுதப்பட்ட நாவலையே கேட்கிறோம். அப்படித் தேடினால் பட்டியல் மிகச் சுருங்கிவிடுகிறது. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

தமிழின் முதல் நாவலான, மாயூரம் வேதநாயகம்பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறியது 1879இல். அதே 1879 டிசம்பரில்தான் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகம் வெளிவந்தது. வேதநாயகம்பிள்ளையின் ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு ஒரு நாட்டையே ஆள்கிறாள். அறிவில் கணவனை விஞ்சுகிறாள். ஆனால் வேடம் கலைந்ததும் மீண்டும் மனைவியின் இடத்துக்கு வந்துவிடுகிறாள். அவளது ஆட்சி அவர்களது இல்லறத்தை மாற்றவில்லை. இப்சனின் நோராவோ வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். போகுமுன், தாங்கள் இருவரும் மாறினாலன்றித் தமது வாழ்வு மெய்யான திருமணம் ஆகாது என்பதைக் கணவனுக்குச் சொல்லிவிட்டே போகிறாள். ஜெர்மனியில் இம்முடிவை நடிக்க ஒரு நடிகை மறுத்ததால், நோரா வீட்டிலேயே தங்கிவிடும் மாற்று முடிவொன்றை இப்சன் வேண்டாவெறுப்பாக எழுதிக் கொடுக்க நேர்ந்தது. ஐரோப்பாவும் அன்று அவ்வளவு துணிந்துவிடவில்லை என்பதற்கு இது சாட்சி. இந்த நாடகத்தை எழுதியபோது இப்சன் நோர்வேயில் இல்லை என்பதையும் நினைவிற் கொள்வோம். 1864 முதல் 1891 வரை, இருபத்தேழு வருடங்கள் அவர் பிற நாடுகளிலேயே வாழ்ந்தார்.

1893இல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வரத் தொடங்கிய ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' ஒரு படி முன்னே போனது. ஏற்கனவே குடும்பம் நடத்தும், இளமை கடந்த தம்பதியரை அவர் மையத்தில் வைத்தார். ஊர்வாய் கிளப்பிய அபவாதம் அவர்களைப் பிரிக்கிறது. ஆயினும் அவர்களை மீட்பது ஆன்மீகமே. ஒருவர் மற்றவரிடம் கற்றுக்கொண்டது என்று சொல்ல முடியவில்லை. ஈழத்தில் 1914இல் மங்களநாயகம் தம்பையா 'நொறுங்குண்ட இருதயம்' எழுதியபோது, திருமணத்தினுள் பெண் படும் துன்பம் ஒரு பெண்ணின் கையாலேயே பதிவாயிற்று. ஐம்பது ஆண்டுகள் கழித்து வந்த தி. ஜானகிராமனின் 'மோகமுள்' நமது தேடலுக்கு மிக அண்மையில் நிற்கிறது. பாபுவின் மோகமும் யமுனாவின் வறுமையும் அவர்கள் இருவரையும் வேறு மனிதர்களாக்குகின்றன. ஆனால் இருவரும் இணைந்தபின் அவர்கள் சேர்ந்து வாழும் வாழ்வுக்குள் அந்த நாவலும் நுழையவில்லை.

புகலிடத்தில் அதிகம் வாசிக்கப்பட்டவை இவையல்ல. கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்தவை ரமணிசந்திரன் நாவல்கள். அவற்றை எள்ளி நகையாடுவது எளிது. முன்பின் அறியாத ஒருவனோடு வாழப்போகும் பெண்ணின் அச்சத்தை அவை பேசின. அதனாலேயே இங்கு வந்த பெண்கள் அவற்றைத் தேடி வாசித்தார்கள். நோர்வேஜியப் பெண்களும் கியோஸ்க்குகளில் மார்கிட் சாண்டெமோவின் 'பனி மக்கள்' தொடரை, 1982 முதல் 1989 வரை நாற்பத்தேழு பாகங்களாக வாங்கி வாசித்தவர்களே. குறை வேறிடத்தில் இருக்கிறது. இத்தகைய கதைகளில் பெரும்பாலும் தீர்வது ஒரு தப்பெண்ணம் மட்டுமே. தப்பெண்ணம் தீர்ந்தால் கதை முடிந்துவிடும், மனிதர் மாறவேண்டியதில்லை.

சிக்ரிட் உன்ட்செட்டை இந்த இடத்தில்தான் வாசிக்கவேண்டும். பதினாறு பதினேழு வயதிலேயே கிறிஸ்டியானியாவில், அதாவது இன்றைய ஒஸ்லோவில், அலுவலக வேலைக்குப் போய்ச் சுமார் பத்து வருடங்கள் உழைத்தவர் அவர். 1920க்கும் 1922க்கும் இடையில் வந்த 'கிறிஸ்டின் லவ்ரான்ஸ்டாட்டர்' மூன்று பாகங்களைக் கொண்டது; 1928இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கதை நடப்பது பதினான்காம் நூற்றாண்டில். வேறொருவனுக்கு நிச்சயிக்கப்பட்ட கிறிஸ்டின், ஒஸ்லோவின் நொன்னெசேட்டர் கன்னியர் மடத்தில் தங்கியிருக்கும் காலத்தில் ஏர்லெண்டைக் காதலிக்கிறாள். அந்த மடம் இருந்த இடம், நாம் மரக்கறி வாங்கப் போகும் கிரோன்லாந்துக்குப் பக்கத்தில்தான்.

திருமணம் முதற் பாகத்தோடு முடிந்துவிடுகிறது. இன்னும் இரண்டு பாகங்கள் மிச்சம். அந்தத் திருமண இரவில்தான், பல்லாண்டு காலம் மறைத்த இரகசியமொன்றை கிறிஸ்டினின் தாய் தன் கணவனிடம் வாய்விட்டுச் சொல்கிறாள். இளையவர்களின் காதற்கதை நிறைவேறும் இடத்தில் முதியவர்களின் காதற்கதை தொடங்குகிறது. அந்த உண்மையின் வலியைத் தாங்கி, மெல்ல மெல்ல ஒருவரையொருவர் புதிதாகக் கண்டுகொள்ளும் அந்தப் பெற்றோரே, என் வாசிப்பில், நாவலின் மிக நம்பத்தக்க காதலர்கள். கிறிஸ்டினும் ஏர்லெண்டுமோ மன்னிக்கத் தெரியாமல் வருடங்களை வீணாக்குகிறார்கள். மாற்றம் வருகிறது, ஆனால் பிந்தி வருகிறது.

இதை எழுதியவர் 1919இல் தன் கணவரைப் பிரிந்தவர். 1940இல் ஜெர்மன் படையெடுப்பின்போது மூத்த மகனைப் போரில் பறிகொடுத்து, சுவீடன், சோவியத் நாடு, ஜப்பான் வழியாக அமெரிக்கா சென்று, 1945 வரை அகதியாக வாழ்ந்தவர். எங்களுக்கு அந்நியமான வாழ்க்கை அல்ல அது.

இத்தகைய எழுத்து எமது மரபுக்குப் புறம்பானது என்று யாரும் சொல்லமுடியாது. திருக்குறளின் காமத்துப்பாலில் இருபத்தைந்து அதிகாரங்கள். களவுக்கு ஏழு, கற்புக்குப் பதினெட்டு. பிரிவும் ஏக்கமும் கோபமும் ஊடலும் அந்தப் பதினெட்டில் அடங்கும். முடிவது ஊடலின் உவகையில். வள்ளுவர் திருமணத்தோடு திரையை இறக்கவில்லை. இறக்கியவர்கள் நாம், அதுவும் அண்மைக் காலத்தில்.

நோர்வேயின் பன்மொழி நூலகம் உள்ளூர் நூலகங்களுக்குத் தமிழ் நூல்களை இரவல் அனுப்புகிறது. 'மோகமுள்'ளைத் தமிழிலும் உன்ட்செட்டை நோர்வேஜிய மொழியிலும் அருகருகே வைத்து வாசிக்க, இங்கே பிறந்து வளர்ந்த எம் பிள்ளைகளால் முடியும். தாய் தகப்பன் வாழ்ந்ததைக் காதல் என்று அவர்கள் அறிவார்களா? ட்வெய்ட்டாவின் மாடிவீடுகளில், இரவு வேலை முடிந்து வந்த மனைவிக்குத் தேநீர் வைத்துக் கொடுக்கப் பழகிய ஓர் ஆணின் கதையை யாராவது எழுதி வைத்தால்தான் அறிவார்கள். அந்த ஆண்களும் பெண்களும் முதுமை அடைந்துகொண்டிருக்கிறார்கள். எழுதுவதற்கு அதிக காலம் இல்லை.