வாளின் நீளம்



பொன்னேரியில் ஆசிரியப் பணி புரிந்த காலத்தில், ஒரு முறை மாணவர்களைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றேன். 1851-ஆம் ஆண்டில் தோன்றிய அந்நிலையத்தில் தஞ்சை அரண்மனையின் படைக்கலங்கள் பல உள்ளன. நீண்ட வாளும் உண்டு. முழ நீளமே உள்ள கட்டாரியும் உண்டு.

"ஐயா, நெருங்கி நின்று பொருவதற்கு எது ஏற்றது?" என்று ஒரு மாணவன் வினவினான்.

"நீண்டதே சிறந்தது, எட்டி வெட்டலாம் அல்லவா?" என்றேன்.

"அப்படியானால் கட்டாரியை ஏன் செய்தார்கள்?" என்றான். என்னிடம் விடை இல்லை. ஆராயாமல் சொல்லிவிட்டேனே என்ற நாணம் என்னை நூலகத்திற்கு இட்டுச் சென்றது.

அங்கே அறிந்தது இது. எட்டி நிற்கும்வரை நீளம் துணை செய்யும். குதிரைமேல் இருப்பவனுக்கு அது இன்றியமையாதது. ஆனால் தோளோடு தோள் உரசும் நெருக்கத்தில் நீண்ட வாளை ஓங்கவே இடம் இராது. மேலும், இரும்பு வளையங்களைக் கோத்த கவசத்தை வெட்டு எளிதில் பிளக்காது. ஒரே புள்ளியில் பாயும் குத்தே வளையத்தைத் தெறிக்கச் செய்யும். ஆதலின் கட்டாரிகள் பலவற்றின் நுனியைத் தடிப்பாக அமைத்தனர். குறுக்கே அமைந்த பிடியைப் பற்றிக் குத்தும்போது, முட்டியின் விசை முழுவதும் அலகில் சேர்கிறது. உரோமானியக் காலாட்படையினரும் ஏறத்தாழ 2 அடி அலகுள்ள வாளையே பெரிய கேடயத்துடன் ஏந்தினர். அவர்தம் குதிரைப் படையினர் நீண்ட வாள் கொண்டனர்.

இன்னொரு செய்தி வியப்பூட்டியது. நமக்கு அண்மையிலுள்ள பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613-இல் கோட்டை கட்டினர். ஐரோப்பியர் இவ்வாறு நம் கரையில் காலூன்றிய அந்நூற்றாண்டில், அவர்கள் நாட்டு நீண்ட வாள்களின் அலகைக் குறைத்து, தென்னாட்டுக் கட்டாரிகளில் பொருத்தினர். நீளம் கையில் கிடைத்தும் அதனை வேண்டாமென்று வெட்டி எறிந்த கொல்லன், என் விடைக்கு மறுப்பு எழுதிவிட்டான்!

இன்று பல நாடுகளில் இளைஞர் எஃகுக் கவசம் பூண்டு, மழுங்கிய வாளால் பொரும் விளையாட்டு நடைபெறுகிறது. அதில் குத்துதல் விலக்கப்பட்டது. எனவே கட்டாரியின் நியாயம் அங்கு முழுவதும் பொருந்தாது. ஆயினும், நெருக்கத்தில் கை வீச இடம் வேண்டும் என்னும் உண்மை மாறவில்லை. நம் சிலம்பக் கோலையும் ஆடுபவனின் நெற்றி அளவுக்குத் தேர்வது வழக்கமன்றோ?

மறு வாரம் வகுப்பில், "நான் சொன்னது பிழை" என்று அம்மாணவனிடமே கூறினேன். வகுப்பு அன்று கேட்டதுபோல் வேறு எந்நாளும் என் பாடத்தைக் கேட்டதில்லை.