கண்டிகையிலிருந்து வீரட்டானம் வரை

ஊர்ப் பெயரைச் சொன்னதும், "கே.ஜி.ன்னா என்னாங்க?" என்றுதான் கேட்பார்கள். எனக்கு அந்த இரண்டு எழுத்தைவிட, பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் 'கண்டிகை'தான் சுவாரஸ்யம். திருத்தணியிலிருந்து சோளிங்கர் போகும் சாலையில் இருக்கிறோம். எல்லை தாண்டினால் இதே சொல் 'கண்ட்ரிக' ஆகிவிடும். புச்சிநாயுடு கண்ட்ரிக ஒன்று போதும் உதாரணத்துக்கு. கண்டம் என்றால் துண்டு. தாய்க்கிராமத்திலிருந்து பிரித்த நிலத்துண்டு, அதில் எழுந்த சிற்றூர். பெயரிலேயே நாங்கள் துண்டுதான்.

துண்டு ஊருக்கு என்ன சரித்திரம் என்று கேட்பவர்களுக்கு நிக்கலாஸ் பெவ்ஸ்னரைச் சொல்வேன். ஹிட்லர் காலத்தில் ஜெர்மனியில் வேலை பறிபோய் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்த மனிதர். 1951 முதல் 1974 வரை, மாவட்டம் மாவட்டமாக அந்த நாட்டின் கட்டடங்களைப் பற்றி 46 தொகுதிகள் கொண்டுவந்தார். கிராமத்து மாதா கோயில், பண்ணைவீடு, பாலம் எதையும் சின்னது என்று விடவில்லை. வேற்று நாட்டுக்காரர் ஒருவர் வந்து எழுதிய பிறகு, இங்கிலாந்தின் குக்கிராமத்தானுக்கும் தன் ஊர்க் கோபுரம் எந்த நூற்றாண்டு என்று தெரியும். நமக்கு அப்படி ஒரு வரிசை வாய்க்கவில்லை. அவர் திருத்தணிக்கு வந்திருந்தால் எல்லாரும் அவரை 365 படி ஏற்றியிருப்பார்கள். நானாக இருந்தால் கீழேயே நிறுத்தி, நந்தியாற்றுப் பக்கம் கூட்டிப்போயிருப்பேன்.

அங்கேதான் வீரட்டானேசுவரர் கோயில் இருக்கிறது. சின்னக் கோயில். ஆடிக் கிருத்திகைக்கு லட்சம் காவடி மலையேறும் ஊரில், இந்தச் சிவனைப் பார்க்க வருபவர்களை விரல்விட்டு எண்ணலாம். பின்பக்கம் வளைந்து, படுத்த யானையின் முதுகுபோல இருக்கும் விமானம். கஜபிருஷ்டம் என்பார்கள், தூங்கானை மாடம் என்று அழகான தமிழும் உண்டு. கட்டியது முழுக்கக் கருங்கல்லில். காலம் ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசி. பல்லவன் அபராஜிதனின் 18ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு சுவரிலேயே இருக்கிறது.

கட்டியவன் அரசன் இல்லை. நம்பி அப்பி என்ற ஒருவர். அவர் கல்லால் கோயில் எடுத்ததைப் பாராட்டி அரசனே ஒரு வெண்பா பாடியிருக்கிறான், அதையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். பொதுவாகக் கவிஞன் பாடுவான், அரசன் பொன் கொடுப்பான். இங்கே தலைகீழ். இந்தச் சுவருக்காகவே நான் வெளியூர் நண்பர்களைப் படியேற விடாமல் இழுத்துப் பிடிப்பது. "முருகனப் பாக்க வந்தோம், இங்க நிக்க வச்சிட்டியே!" என்று திட்டு வாங்கியதும் உண்டு.

வெண்பா பாடிய அந்த அபராஜிதன் வாழ்க்கை நல்லபடி முடியவில்லை. திருப்புறம்பியத்தில் பாண்டியன் வரகுணனை வென்றபோது அவன் பக்கம் நின்றவன் ஆதித்த சோழன். அதே ஆதித்தன்தான் பின்னால் அவனை வீழ்த்தினான். யானைமேல் பாய்ந்து பல்லவனைக் கொன்றதாகக் கன்னியாகுமரிக் கல்வெட்டு சொல்கிறது. ஆதித்தன் அபராஜிதனை வென்ற செய்தி திருவாலங்காட்டுச் செப்பேடுகளிலும் வருகிறது. 1905இல் கிடைத்த அந்த 31 ஏடுகள் ராஜேந்திர சோழன் காலத்தவை. திருவாலங்காடு நமக்குப் பக்கத்து ஊர்தான். தோற்றவன் வெண்பா இருக்கும் சுவர் இங்கே, ஜெயித்தவன் வம்சத்துச் செப்பேடு அங்கே. நடுவில் நெல்லும் கரும்பும்.

இதைவிட விசேஷம் வேலஞ்சேரி. அதுவும் திருத்தணியை ஒட்டிய கிராமம். 1977இல் அங்கே இரண்டு செப்பேட்டுத் தொகுதிகள் ஒன்றாகக் கிடைத்தன. ஒன்று அபராஜிதனுடையது, மலைமேல் முருகனுக்கு அவன் கொடுத்த கொடையைச் சொல்வது. இன்னொன்று முதலாம் பராந்தகனுடையது, அதாவது அபராஜிதனைக் கொன்ற ஆதித்தனின் மகன். இரா. நாகசாமி படித்து வெளியிட்டார். பகையாளி வீட்டுப் பத்திரத்தையும் நம் வீட்டுப் பத்திரத்தையும் ஒரே பெட்டியில் போட்டு வைத்ததுபோல! ராஜா மாறினால் என்ன, கோயிலுக்கு வந்த கொடை கொடைதான் என்று யாரோ பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள். அந்தப் பராந்தகனின் மகன் ராஜாதித்தன் 949இல் தக்கோலத்தில் யானைமேலேயே செத்தான். தக்கோலமும் தூரமில்லை.

ஆட்சி கைமாறுவது எங்களுக்குப் புதிதே இல்லை. 1911இல் சித்தூர் மாவட்டத்தில் சேர்த்தார்கள். 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூரோடு எங்களையும் அள்ளிக்கொண்டு போனது. ம.பொ.சி. சிறை போனார், படாஸ்கர் வந்து சமரசம் பேசினார், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. பிறகு செங்கல்பட்டு, 1997இலிருந்து திருவள்ளூர். வீட்டில் மட்டும் எதுவும் மாறவில்லை. இன்றும் எங்கள் தெருவில் அப்பாவை 'நைனா' என்று கூப்பிட்டுவிட்டு, அடுத்த வாக்கியத்தைத் தமிழில் முடிப்பார்கள்.

வீரட்டானத்தையாவது கல்வெட்டு காப்பாற்றிவிடும். எனக்குக் கவலை எழுத்தில்லாத கற்களைப் பற்றித்தான். எங்கள் பக்கத்துச் சாலையோரங்களில் சுமைதாங்கிகள் இருக்கும்: நட்ட இரண்டு கல், மேலே குறுக்கே ஒன்று. பிள்ளை பெறாமலே வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நடுவது வழக்கம். தலைச்சுமைக்காரர்கள் அதில் இறக்கிவைத்து இளைப்பாறுவார்கள். சாலை அகலமாகும்போது முதலில் சாய்வது இவைதான். போன கோடையில் அப்படிச் சாய்ந்த ஒரு குறுக்குக்கல் டீக்கடை வாசலில் படியாகக் கிடந்தது. "இது யாருக்கு நட்டதுன்னு தெரியுமா?" என்று கடைக்காரரைக் கேட்டேன். அவர் பாலை ஆற்றிக்கொண்டே, "எங்க ஆயாக்குத் தெரியும். இருந்திருந்தா சொல்லியிருக்கும்" என்றார்.