ஷேக்ஸ்பியர் கட்டிய அபராதம்

அக்கா மகள் படிக்கும் கம்யூனிட்டி காலேஜ் என் வீட்டிலிருந்து காரில் பதினைந்து நிமிடம். டாலஸ் புறநகர். இரண்டு வருடப் படிப்பு, குறைந்த கட்டணம். பகலில் கடையில் நின்றுவிட்டு மாலையில் வகுப்புக்கு வருகிறவர்கள்தான் அதிகம். ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் அவளைக் கூட்டிவரப் போயிருந்தேன். நாடக அரங்கின் கண்ணாடிக் கதவில் அந்த வருடத்து சீசன் போஸ்டர். நான்கு நாடகங்கள். அக்டோபரில் ஷேக்ஸ்பியர் நகைச்சுவை ஒன்று, டிசம்பரில் குழந்தைகள் நாடகம், பிப்ரவரியில் ஒரு புது நாடகம், ஏப்ரலில் ம்யூசிக்கல். புது நாடகத்துக்குக் கீழே மட்டும் சின்ன எழுத்தில், ‘பெரியவர்களுக்கு’ என்று போட்டிருந்தது.

“எப்பப் பாத்தாலும் ஷேக்ஸ்பியர்தான் சித்தி. வேற ஆளே கிடைக்கலையா இவங்களுக்கு?” என்றாள்.

“அவர் ராயல்டி கேக்க மாட்டார்ல.”

சிரித்தாள். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. கல்லூரி நாடக சீசன் என்பது ரசனைப் பட்டியல் மாதிரித் தெரியும். உண்மையில் அது ஒரு வீட்டு பட்ஜெட். ஷேக்ஸ்பியருக்குக் காப்புரிமை கிடையாது, பாத்திரங்களும் நிறைய, ஆடிஷனுக்கு வருகிற பிள்ளைகளில் பலருக்கு ஏதாவது ஒரு வேடம் கிடைத்துவிடும். ம்யூசிக்கலுக்கு உரிமைத்தொகை, இசைக்குழு, உடை என்று செலவு இழுக்கும், ஆனால் ஊரே குடும்பத்தோடு வரும். குழந்தைகள் நாடகம் பள்ளிக்கூட பஸ்களைக் கொண்டுவரும். இந்த மூன்றும் தோள்கொடுத்தால்தான் நாலாவதாக ஒன்றைப் போட முடியும். ஊரில் பாதிப்பேருக்குப் பிடிக்காமல் போகக்கூடிய ஒன்றை.

அந்த நாலாவது நாடகத்துக்கு என்ன விலை என்று எனக்குக் காட்டியது கில்கோர் என்ற ஊர்.

டாலஸிலிருந்து கிழக்கே லூசியானா பக்கம் போகும் நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம். ஒரு டிசம்பர் மாதம் அந்த வழியாகப் போனபோது இறங்கிப் பார்த்தேன். ஊர் நடுவில் இரும்பு எண்ணெய்க் கோபுரங்கள். கிறிஸ்துமஸ் சமயம் என்பதால் ஒவ்வொன்றின் உச்சியிலும் நட்சத்திர விளக்கு. 1930இல் கிழக்கு டெக்ஸஸில் எண்ணெய் பீறிட்டதும், ஒரு ஏக்கரை ஒட்டிய நிலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கிணறுகளைத் தோண்டியிருக்கிறார்கள். ‘உலகத்தின் ஆகப் பணக்கார ஏக்கர்’ என்று அதற்குப் பெயரே உண்டு. அந்த எண்ணெய்ப் பணத்தின் காலத்தில்தான், 1935இல், கில்கோர் காலேஜ் பிறந்தது. அமெரிக்காவில் இத்தகைய இரண்டாண்டுக் கல்லூரிகளின் கதை 1901இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட்டில் ஆறே மாணவர்களோடு ஆரம்பித்தது. உயர்கல்வி பற்றி ஆராய ட்ரூமன் அமைத்த குழு 1947இல் அறிக்கை தந்த பிறகுதான் ‘கம்யூனிட்டி காலேஜ்’ என்ற பெயர் பரவலானது. சமூகத்தின் கல்லூரி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சமூகம் என்றால் யார்? டெக்ஸஸில் இந்தக் கல்லூரிகளுக்கு உள்ளூர் மக்கள் வரி கட்டுகிறார்கள், அறங்காவலர்களைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் ‘எங்க காசு’ என்று அவர்கள் சொன்னால் அது வெறும் பேச்சில்லை.

கில்கோரில் ரேமண்ட் கால்ட்வெல் என்ற நாடக ஆசிரியர் இருந்தார். 1986இல், டெக்ஸஸ் சுதந்திரத்தின் 150ஆவது ஆண்டுக் கொண்டாட்டத்தை ஒட்டி, ‘டெக்ஸஸ் ஷேக்ஸ்பியர் விழா’வைத் தொடங்கியவர் அவர்தான். கல்லூரி வளாகத்தில் வான் கிளைபர்ன் பெயரில் ஒரு அரங்கம் இருக்கிறது. பனிப்போர்க் காலத்தில் மாஸ்கோ போய் சைக்கோவ்ஸ்கி போட்டியை ஜெயித்துவந்த பியானோ கலைஞர், கில்கோரில் வளர்ந்தவர். கோடைதோறும் அந்த அரங்கில் ஷேக்ஸ்பியர். பதினோராயிரம் பேர் சொச்சம் வாழ்ந்த ஊருக்கு அது சின்னப் பெருமையில்லை. அந்த வட்டாரத்தின் கிரெக் கவுண்டி நிர்வாகமும் விழாவுக்குப் பணம் கொடுக்க முன்வந்திருந்தது.

1999இல் கால்ட்வெல், கல்லூரி மாணவர்களை வைத்து டோனி குஷ்னரின் ‘ஏஞ்சல்ஸ் இன் அமெரிக்கா’வின் முதல் பாகத்தை இயக்க முடிவுசெய்தார். 1993இல் புலிட்சர் பரிசு வாங்கிய நாடகம். 1980களின் நடுவில் நியூயார்க்கில் நடக்கும் கதை. எய்ட்ஸ் வந்த ஒருவன், அவனை விட்டுவிட்டுப் போகும் காதலன், தன் பாலினநாட்டத்தை மனைவியிடம் மறைத்து வாழும் மார்மன் வழக்கறிஞன். கூடவே ராய் கோன். இவர் நிஜ மனிதர். மெக்கார்த்தியின் வலதுகையாக இருந்து கம்யூனிஸ்ட் வேட்டை ஆடியவர், கடைசியில் எய்ட்ஸில் செத்தவர், அப்போதும் அது எய்ட்ஸ் இல்லை என்று சாதித்தவர்.

1999 டெக்ஸஸ் எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே பாலினத்தைச் சேர்ந்த இருவர் உறவுகொள்வது அன்று மாநிலச் சட்டப்படி குற்றம், 500 டாலர் வரை அபராதம். அந்தச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்ய இன்னும் நான்கு வருடம், 2003 ஜூன் வரை, இருந்தது. அதாவது மேடையில் அந்தப் பிள்ளைகள் நடித்துக்காட்டிய வாழ்க்கை, அரங்குக்கு வெளியே சட்டவிரோதம்.

எதிர்ப்பு கிளம்பியது. சர்ச்சுகளிலிருந்து வந்தது, எங்கள் வரிப்பணத்தில் இதெல்லாமா என்று கேட்டவர்களிடமிருந்தும் வந்தது. நாடகத்தை நிறுத்தச் சொன்னார்கள். கல்லூரி நிர்வாகம் மறுத்தது. நாடகம் நடந்தது.

அப்புறம்தான் எனக்கு இந்தக் கதையில் முக்கியமான விஷயம். கவுண்டி கமிஷனர்கள், தருவதாகச் சொல்லியிருந்த 50,000 டாலரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அந்தப் பணம் ‘ஏஞ்சல்ஸ்’ நாடகத்துக்கு ஒதுக்கியதில்லை, ஷேக்ஸ்பியர் விழாவுக்கு ஒதுக்கியது. தப்பு செய்ததாகச் சொல்லப்பட்டவர் குஷ்னர், அபராதம் கட்டியவர் ஷேக்ஸ்பியர்.

முதலில் எனக்கு இது காமெடியாகத்தான் பட்டது. யோசித்தால் காமெடி இல்லை. பிடிக்காத நாடகத்துக்கென்று தனிப் பணம் எதுவும் தரவில்லை என்பதால் அதிலிருந்து எதையும் பிடுங்க முடியாது. பிடுங்க முடிந்தது ஊருக்குப் பிடித்ததைத்தான். அடுத்த வருடம் போஸ்டர் தயாரிக்க உட்காருகிற ஒவ்வொரு நாடக ஆசிரியரின் காதிலும் இது விழும். தடை போடவே தேவையில்லை. நாலாவது நாடகத்தின் இடத்தில் அவரே இன்னொரு நகைச்சுவையை எழுதிவிடுவார்.

பழைய நாடகாசிரியர் ஒருவர் புது நாடகத்துக்காகக் கூண்டில் ஏறியது அமெரிக்காவில் அது முதல் தடவையும் இல்லை. பெருமந்தக் காலத்தில், 1935இல், வேலையிழந்த நாடகக்காரர்களுக்காக ரூஸ்வெல்ட் அரசு ‘ஃபெடரல் தியேட்டர் ப்ராஜெக்ட்’டைத் தொடங்கியது. அதை நடத்த அழைக்கப்பட்டவர் ஹாலி ஃப்ளானகன். ப்ராட்வேக்காரர் இல்லை, வாஸர் கல்லூரியில் நாடகம் சொல்லிக்கொடுத்தவர். இருபது வயது ஆர்சன் வெல்ஸ் கறுப்பின நடிகர்களை வைத்து ஹார்லெமில் ‘மக்பெத்’ போட்டது இந்தத் திட்டத்தில்தான். 1936 அக்டோபர் 27 அன்று, பாசிசம் இங்கேயும் வரலாம் என்று எச்சரிக்கும் சின்க்ளேர் லூயிஸ் நாடகத்தை நாடு முழுக்க இருபது அரங்குகளுக்குமேல் ஒரே இரவில் போட்டார்கள்.

இதெல்லாம் கம்யூனிஸ்ட் வேலை என்று நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரித்தது. தலைவர் மார்ட்டின் டைஸ், டெக்ஸஸ்காரர். 1938 டிசம்பரில் ஃப்ளானகன் சாட்சி சொன்னபோது, அவருடைய பழைய கட்டுரையில் வந்த மார்லோ என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு அலபாமா உறுப்பினர் ஜோ ஸ்டார்ன்ஸ் கேட்டார்: இந்த மார்லோ கம்யூனிஸ்டா? ஷேக்ஸ்பியருக்குச் சற்று முந்தைய நாடகாசிரியர் அவர் என்று ஃப்ளானகன் விளக்கவேண்டியிருந்தது. 1593இல் செத்துப்போன மனிதர். அரங்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அடுத்த வருடம் ஜூன் 30உடன் திட்டத்துக்கான பணத்தை நாடாளுமன்றம் நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போயிற்று. சிரிப்பு யாரையும் காப்பாற்றவில்லை.

கில்கோர் எதிர்ப்பாளர்களை முட்டாள்கள் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அது சரியாகப் படவில்லை. வரி கட்டுகிறவர் கேள்வி கேட்கலாம். பிடிக்கவில்லையென்றால் வாசலில் அட்டை பிடித்து நிற்கலாம், வராமலும் இருக்கலாம். ஆனால் அதே வரியைக் கட்டுகிறவர்களில் அந்த மேடையில் தன் வாழ்க்கையை முதல்தடவை பார்க்கப்போகிற ஒரு பையனின் அப்பாவும் இருப்பார். அவர் காசும் அந்தக் காசுதானே? பெரிய நகரத்தில் இருப்பவனுக்கு வேறு அரங்கம் கிடைக்கும். சின்ன ஊரில் கல்லூரி மேடையை விட்டால் அவனுக்குப் போக்கிடம் ஏது?

ஷேக்ஸ்பியர் விழா அந்த அடியைத் தாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகும் பல வருடங்கள் கோடையில் கில்கோரில் நடந்தது.

போன வாரம் அக்கா மகள் போன் செய்தாள். ஷேக்ஸ்பியரில் அவளுக்கு வேடம் கிடைத்துவிட்டது. சேதி கொண்டுவரும் ஆள், மொத்தம் ஆறு வரி. பிப்ரவரி நாடகத்துக்கும் ஆடிஷன் கொடுக்கப்போகிறாளாம்.

“அம்மா பாத்தா என்ன சொல்வாங்கன்னு தெரியல சித்தி. நீங்க வருவீங்கல்ல?”

“நாலுக்கும் வரேன்.”

“ம்யூசிக்கலுக்குமா? உங்களுக்கு அது புடிக்கவே புடிக்காதே!”

பிடிக்காதுதான். அன்றிரவே நான்கு நாடகங்களுக்கும் சேர்த்து சீசன் டிக்கெட் வாங்கினேன். பிப்ரவரி நாடகத்துக்கு மட்டும் ஒரு டிக்கெட் கூடுதலாக, அக்காவுக்கு. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.