அடையாற்று அலமாரியும் இலௌகிக சங்கமும்: சென்னையில் ஒரு விவாதத்தின் திசைமாற்றம், 1878–1967

கொட்டிவாக்கத்திலிருந்து கடலோரமாக வடக்கே போனால் திருவான்மியூரைத் தாண்டிப் பெசன்ட் நகரும் ஊரூர் ஆல்காட் குப்பமும் வரும். அப்புறம் அடையாற்று முகத்துவாரம். பெசன்ட், ஆல்காட் என்ற இரண்டு பெயர்களும் பிரம்மஞான சபைத் தலைவர்களுடையவை. அவர்களுள் அன்னி பெசன்ட் லண்டனில் நாத்திகப் பிரசாரகராகவே முதலில் பெயரெடுத்தவர் என்பது, அஷ்டலட்சுமி கோயிலுக்கும் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கும் பெசன்ட் நகரில் பேருந்து இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்குமோ தெரியவில்லை. தென்சென்னையில் ஆத்திகருக்கும் ஐயவாதிகளுக்கும் நடந்த வழக்கைப் பகுத்தறிவுக்கும் மூடநம்பிக்கைக்கும் நடந்த போர் என்று சிலர் எழுதுகிறார்கள். மேற்கத்திய நாத்திகம் உள்ளூர் பக்தியோடு மோதிய கதை என்று வேறு சிலர். இரண்டு சித்திரங்களும் ஆவணங்களோடு பொருந்தவில்லை. 1880களில் எல்லாத் தரப்பும் அறிவையே சாட்சிக்கு அழைத்தன. ‘இது மெய்யா?’ என்ற கேள்வி 1884–85இல் அடையாற்றிலேயே தன் எல்லையைத் தொட்டுவிட்டது என்பதும், அதன்பின் தமிழ் ஐயவாதம் ‘இது யாரை என்ன செய்கிறது?’ என்ற கேள்வியை முன்னுக்குக் கொண்டுவந்தது என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

சென்னை இலௌகிக சங்கம் 1878 முதல் 1888 வரை செயல்பட்டது. தமிழில் ‘தத்துவ விவேசினி’, ஆங்கிலத்தில் ‘தி திங்க்கர்’ என்று இரண்டு இதழ்களை 1882 முதல் 1888 வரை நடத்தியது. லண்டனில் சார்லஸ் பிராட்லா தலைமையேற்ற தேசிய இலௌகிக சங்கமே அதற்கு முன்மாதிரி. பேராசிரியர் வீ. அரசு இவ்விதழ்களைத் தொகுத்து வெளியிடும் வரை தமிழ் நாத்திகத்தின் வரலாற்றைப் பெரியாரிலிருந்து தொடங்குவதே நமக்குப் பழக்கமாக இருந்தது. சங்கம் உயிர்ப்போடு இருந்த அதே நாளில், 1882 இறுதியில், நிறுவனர்களான பிளாவட்ஸ்கியும் கர்னல் ஆல்காட்டும் பிரம்மஞான சபையின் தலைமையகத்தைப் பம்பாயிலிருந்து அடையாற்றின் தென்கரையில் ஹடில்ஸ்டன் தோட்டத்துக்கு மாற்றினார்கள். சத்தியத்தைவிட உயர்ந்த மதம் இல்லை என்பது சபையின் முழக்கம். இயற்கையின் விளங்காத விதிகளையும் மனிதனுள் உறங்கும் ஆற்றல்களையும் ஆராய்வதை அது தன் நோக்கங்களில் ஒன்றாகவே அறிவித்திருந்தது. ஆராய்ச்சி என்ற சொல்லை ஐயவாதிகள் மட்டும் குத்தகைக்கு எடுத்திருக்கவில்லை.

அதனால் எல்லைக்கோடு தொடக்கத்திலேயே குழம்பியது. சென்னையில் ‘தி பிலசாபிக் இன்க்வயரர்’ என்ற சுதந்திரச் சிந்தனை இதழை நடத்திய பி. முருகேச முதலியார் 1882இல் பிரம்மஞான சபையில் சேர்ந்தார். இலௌகிகவாதி ஒருவர் அச்சபையில் சேரலாமா என்ற ஐயம் இந்துச் சுதந்திரச் சிந்தனையாளரிடமிருந்து லண்டனுக்குப் போயிற்று. சேர்வது கொள்கைக்கு ஒத்துவராது என்று ‘நேஷனல் ரிபார்மர்’ இதழில் 1882 ஜூனில் விடை எழுதியவர் வேறு யாருமல்லர், அன்னி பெசன்ட். கருத்தடை பற்றிய நூலை வெளியிட்டதற்காக 1877இல் பிராட்லாவோடு குற்றக்கூண்டில் நின்றவர் அவர். சென்னைக்குப் புத்தி சொல்லி ஏழே ஆண்டுகளில், பிளாவட்ஸ்கியின் நூலுக்கு மதிப்புரை எழுதப் போய், அச்சபையிலேயே சேர்ந்தார். 1907இல் அடையாற்றில் தலைவரானார்.

இடையில் நடந்ததுதான் கூலம்ப் விவகாரம். அடையாற்று மாளிகையின் மாடியில் பிளாவட்ஸ்கியின் படுக்கையறையை ஒட்டிய அறையில், சுவரோடு சேர்த்து ஓர் அலமாரி தொங்கியது. இமயத்து மகாத்மாக்களின் கடிதங்கள் அதற்குள் தோன்றும் என்று நம்பப்பட்டது. 1883 ஆகஸ்டில் ஜெனரல் மார்கன் அதைப் பார்க்க வந்தபோது, மாளிகையைப் பராமரித்த எம்மா கூலம்ப் கதவைத் திறக்க, உள்ளிருந்த பீங்கான் தட்டு விழுந்து உடைந்தது. துண்டுகளைப் பொறுக்கி உள்ளே வைத்து மூடினார்கள். சில நிமிடங்களில் திறந்தால் முழுத் தட்டு இருந்தது. மறு ஆண்டு கூலம்ப் தம்பதி சபையோடு முறித்துக்கொண்டு, பிளாவட்ஸ்கி எழுதியவை என்று சொல்லிச் சில கடிதங்களைக் கிறித்துவ மிஷனரிகளிடம் கொடுத்தனர். சென்னை கிறித்துவக் கல்லூரி இதழ் அவற்றை 1884 செப்டம்பரில் வெளியிட்டது. லண்டனின் உளவியல் ஆய்வுச் சங்கம் ரிச்சர்ட் ஹாட்ஸனை அனுப்பியது. டிசம்பரில் வந்த அவர் பார்க்க அலமாரியே இல்லை. அடையாற்றுக்காரர்களே அதை முன்னதாக எரித்துவிட்டிருந்தார்கள். அது போன்ற தட்டுகளை எம்மா கூலம்ப் சென்னைக் கடையொன்றில் ஜோடியாக வாங்கியதை ஹாட்ஸன் விசாரித்து அறிந்தார். எல்லாம் ஏமாற்று என்று 1885 அறிக்கையில் முடிவு கூறினார். ஏமாற்றியதற்குக் காரணம் தேடி, பிளாவட்ஸ்கி ரஷ்ய உளவாளி என்றும் ஊகித்தார். அறிக்கையிலேயே நலிந்த இடம் இதுதான்.

மிஷனரி தரப்பும் ஹாட்ஸனும் இங்கே எடுத்த கருவி கூர்மையானது. சாட்சியை நேரில் விசாரி, கையெழுத்தை ஒப்பிடு, தட்டு வாங்கிய கடையைக் கண்டுபிடி. தண்ணீர் திராட்சரசமான அற்புதத்துக்கும் இதே விசாரணை பொருந்தாதா என்று ஓர் இலௌகிகவாதி கேட்டால் கல்லூரி இதழிடம் விடை இருந்திருக்காது. கருவி பொது, சொந்த வீட்டுக்கு மட்டும் விலக்கு. நம்பிக்கை தரப்பும் சும்மா இருக்கவில்லை. பிளாவட்ஸ்கி ஐரோப்பா போயிருந்தபோது எம்மாவின் கணவர் அலெக்சிஸ் கூலம்பே அலமாரியின் பின்புறத்து நகரும் பலகைகளைச் செய்து வைத்தார், கடிதங்கள் போலி என்றார்கள். கையெழுத்து வல்லுநர் வெர்னான் ஹாரிசன் ஹாட்ஸனின் முறையை 1986இல் உளவியல் ஆய்வுச் சங்கத்தின் இதழிலேயே கடுமையாகக் குறை சொன்னார். ஆகவே வழக்கு முற்றாக முடிந்தது என்று சொல்வதற்கில்லை. நமக்கு வேண்டியது வேறொன்று. 1885இல் சென்னையை விட்டுப்போன பிளாவட்ஸ்கி திரும்பவே இல்லை. ஆனாலும் சபை வளர்ந்தது. அம்பலப்படுத்தலில் இழப்பு ஏதுமில்லாத இலௌகிக இதழ்களோ 1888இல் நின்றுபோயின. மோசடியை நிரூபித்தால் நம்பிக்கை சாயும் என்ற கணக்கு சென்னையில் பலிக்கவில்லை.

இந்த நாத்திகமே கப்பலில் வந்த சரக்குதானே என்ற மறுப்பு உண்டு. ‘தி திங்க்கர்’ லண்டனைப் பார்த்தே எழுதியது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதே வட்டத்தைச் சேர்ந்த அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகரைப் பாருங்கள். கொட்டிவாக்கமும் அடங்கியிருந்த அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவில் மிராசுதாரருக்கும் பயிரிடுவோருக்கும் நடந்த நிலத் தகராற்றைப் பற்றி எழுதியவர் அவர். 1882இல் வெளிவந்த ‘இந்துமத ஆசார ஆபாச தரிசினி’யை எழுதியவரும் அவரே. நிலத்தில் உழைப்பவனின் உரிமையை யார் பறித்தார்கள் என்று கேட்டவர் அதே கேள்வியைச் சடங்கிடமும் கேட்டார். பிராட்லாவின் சங்கத்தில் இல்லாத செங்கல்பட்டு மண் இது.

1925இல் பெரியாரின் ‘குடி அரசு’ இதழ் தொடங்கியபின் அக்கேள்வியே தலைமை ஏற்றது. மதத்தை மறுத்த ரஸ்ஸலின் கட்டுரையும் பகத்சிங்கின் நாத்திகக் கட்டுரையும் 1930களில் தமிழில் வந்தன; கடவுள் இருப்பைப் பற்றிய வாதம் சுயமரியாதை இயக்கத்தில் ஓயவில்லை. ஆனாலும் ஆட்களைத் திரட்டியது கருவறையும் குளமும் கலியாணப் பந்தலும்தான். அலமாரி அற்புதங்களை ஆராய்வதில் பெரியார் பொழுதைச் செலவிடவில்லை. இங்கே நம்பிக்கையாளர் எழுப்பக்கூடிய வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: ஒரு கொள்கை சாதிக்குத் துணைபோனது என்பதால் அது பொய்யாகிவிடுமா? ஆகாது. இந்த இடத்தில் தமிழ் ஐயவாதத்துக்கு ஒரு குறை இருக்கிறது. காண்டல், கருதல், உரை என்ற அளவைகளை வைத்துக்கொண்டு, பிற மதங்களை மறுக்கும் பரபக்கத்தை உலகாயதத்திலிருந்தே தொடங்கிய சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாருக்கு அதே தளத்தில் நின்று விடை சொன்ன விரிவான சுயமரியாதை நூல் எனக்குத் தென்படவில்லை. சமூகக் கேள்வியை வென்றவர்கள் தத்துவக் கேள்வியைப் பாதியில் விட்டார்கள் என்பது என் கணிப்பு.

சமூகக் கேள்வியும் ஐயவாதிகளின் தனிச்சொத்தன்று. 1894இல் அடையாற்றுப் பக்கத்தில் ‘பஞ்சமர்’ பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கியவர் மகாத்மாக்களை நம்பிய ஆல்காட். அயோத்திதாசர் 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவத் துணைநின்றவரும் அவரே. அயோத்திதாசரோ புரோகிதத்தை அறிவால் அறுத்துக்கொண்டே ஒரு சமயத்தையும் கட்டியவர். அவரை எந்தப் பக்கத்தில் உட்கார வைப்பது?

இந்தத் திசைமாற்றத்தைச் சட்டத்திலும் காணலாம். பிராட்லா தெய்வத்தின் பெயரால் உறுதிமொழி எடுக்கும் சிக்கலில் மாட்டி, 1880இல் தேர்ந்தெடுக்கப்பட்டும் 1886 வரை நாடாளுமன்றத்தில் நிலையாக அமர முடியாதிருந்தவர். 1967இல் அண்ணாவின் அமைச்சரவை உளமார உறுதி கூறிப் பதவியேற்றபோது யாரும் வழிமறிக்கவில்லை. கடவுளின் பெயரால் ஆணையிடுவது, உளமார உறுதி கூறுவது என்ற இரு வழிகளையும் அரசமைப்பே திறந்து வைத்திருந்தது. அதே ஆண்டு அவ்வரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்தது. புரோகிதரில்லாத திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்ததற்கு அதுவே பதில். கடவுள் உண்டா இல்லையா என்பதை அப்பிரிவு தொடவே இல்லை. உற்றார் நண்பர் முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னால் திருமணம் செல்லும். மாலை மாற்றினாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் செல்லும். முன்பே அப்படி நடந்து முடிந்திருந்த திருமணங்களுக்கும் அச்சட்டம் செல்லுபடி கொடுத்தது.