மருதமுனைத் தறியும் பக்கத்தில் இருந்த பிள்ளையும்



மருதமுனை என்றால் கைத்தறிச் சாரன் என்று நாடே அறிந்த காலம் ஒன்று இருந்தது. அல்ஹம்துலில்லாஹ், இன்றும் அங்கே தறி ஓடுகிறது. ஆனால் அந்தத் தொழிலை இப்போது யார் பழகுகிறார்கள்?

1960களிலும் 70களின் முற்பகுதியிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் அரசாங்கம் துணி இறக்குமதியை இறுக்கியது. உள்ளூர்த் துணிக்குக் கிராக்கி கூடியது. அந்தக் காலத்தைப் பேசும்போதெல்லாம் எத்தனை தறி, என்ன வருமானம் என்றுதான் பேசுகிறோம். அந்த வீடுகளுக்குள் ஒரு பள்ளிக்கூடமும் நடந்ததை மறந்துவிடுகிறோம்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வகுப்புகள் இருந்தன. சின்னப் பிள்ளைக்கு முதலில் நூல் சுற்றக் கொடுப்பார்கள். அடுத்தது, அறுந்த இழையை முடிச்சுத் தெரியாமல் கட்டுவது. பிறகு பாவு போடுவது, அச்சில் இழை கோர்ப்பது, சாயம் சேர்ப்பது. எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் தறியில் இருத்துவார்கள். பாவு எவ்வளவு இறுக வேண்டும் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது. விரலால் தொட்டுத்தான் தெரியும். பிழைத்தால் பக்கத்தில் இருக்கும் மூத்தவர் திருத்துவார்.

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. மில் துணி மலிவாக வந்து குவிந்தது. நாடெங்கும் கைத்தறிகள் நின்றன. அதே காலத்தில் வளைகுடா நாடுகளின் கதவும் திறந்தது. தறியில் இருந்தவர் எப்படியோ சமாளித்தார். தன் மகனைப் பக்கத்தில் இருத்த மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. எந்த வாப்பா பிள்ளைக்குக் கஷ்டத்தைப் பழக்குவார்?

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம். மருதமுனையும் தப்பவில்லை. உடைந்த தறிக்கு மரம் வாங்கலாம். மௌத்தான ஒருவரின் கையில் இருந்த தொழிலை எங்கே வாங்குவது?

இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமாவில் கைத்தொழில்களுக்கென்று தனி அத்தியாயங்களே இருக்கின்றன. நெசவுக்கும் ஒன்று உண்டு. திரும்பத் திரும்பச் செய்வதால் ஒரு மனிதனில் ஊறிப்போகும் பழக்கமே தொழில் என்கிறார் அவர். கேட்பார் இல்லாத தொழிலைக் கற்க ஆள் வராது, அது அழிந்துபோகும் என்றும் எச்சரிக்கிறார். சரியாக 600 வருடம் கழித்து, 1977இல், அது நம் கண்முன்னே நடந்தது.

தொழில் பழக்குவதற்கு அரசாங்கம் 1971இலேயே பயிலுநர் சட்டம் கொண்டு வந்தது. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இன்றைய 'நைட்டா' உருவானது. இன்று தொழில் தகைமைச் சான்றிதழும் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பயிலுநரைச் சேர்க்க, நடக்கிற ஒரு தொழிலிடம் வேண்டும். பழக்கும் நேரத்துக்குக் கூலி வேண்டும். மாதக் கடைசியில் நூல் வாங்கவே யோசிக்கும் வீட்டில் அது எப்படி நடக்கும்?

நெசவு மட்டுமல்ல. ஓடாவி, மேசன், தோணி கட்டுபவர், தையற்காரர் என்று எந்தத் தொழிலை எடுத்தாலும் கதை இதுதான். ஆசிரியர்களான நாங்களும் கலாசாலையில் படித்ததோடு விடப்படவில்லை. மூத்த ஆசிரியர் பின்வரிசையில் இருந்து பார்க்கத்தான் வகுப்பெடுத்துப் பழகினோம். எங்களுக்குத் தேவைப்பட்டது நெசவாளிக்குத் தேவையில்லை என்று எப்படிச் சொல்வது?

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பிள்ளைகள் மாதக்கணக்கில் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறார்கள். அந்த நாட்களில் நாலு பிள்ளைகளை நாலு மூத்தவர்களிடம் அனுப்பலாம். பழக்குபவருக்கு ஒரு சிறு தொகையைப் பள்ளிவாசலோ, பழைய மாணவர் சங்கமோ, வெளிநாட்டில் உள்ள நமது சகோதரர்களோ கொடுக்கலாம். எல்லாப் பிள்ளையும் நெசவாளியாக வேண்டியதில்லை. தொழில் தெரிந்த கை ஊருக்குள் இருந்தால் போதும்.

உங்கள் வீட்டில் தறி தெரிந்த மூத்தவாப்பா, மூத்தம்மா இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் போய் இருங்கள். அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். கை அசைவதை வீடியோ எடுங்கள். முடிந்தால் ஒரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.