மருத்துவப் பணியாளர்வழிக் குடும்பத் தொற்று

கொரோனா நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவர், செவிலியர், தூய்மைப் பணியாளர் முதலியோரிடமிருந்து அவர்தம் வீட்டாருக்கு நோய் பரவுதல். அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே கிருமி பரவத் தொடங்குவதும், காற்றோட்டம் குறைந்த வீட்டில் சேர்ந்து உண்டு உறங்குவதும் இதற்குக் காரணங்கள்.

ஸ்காட்லாந்தில் 2020 மார்ச் முதல் ஜூன் வரையிலான தரவுகளை ஆராய்ந்தபோது, மருத்துவமனையில் சேர்ந்த 18–65 வயதுக் கொரோனா நோயாளிகளில் சுமார் 17 விழுக்காட்டினர் மருத்துவப் பணியாளர்களும் அவர்களின் வீட்டாருமே எனத் தெரிந்தது.

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கொரோனா சிகிச்சை அளித்தது. அந்நாட்களில் பணி முடிந்து வீடு திரும்பியவர்கள் செருப்பை வாசலில் விட்டு, உடையைச் சோப்புநீரில் ஊறவைத்து, குளித்த பின்பே குழந்தையைத் தொட்டனர். தனித்தட்டு, தனியறை என ஒதுங்கியும் இருந்தனர். ஒற்றை அறை வீட்டில் அதற்கும் வழியில்லை.

மருத்துவப் பணியாளர்கள் தனித்துத் தங்க வசதி செய்து தருமாறு உச்ச நீதிமன்றம் 2020 ஜூன் 17 அன்று அறிவுறுத்தியது. இந்தியாவில் 2021 ஜனவரி 16 அன்று தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது முதல் ஊசி இவர்களுக்கே போடப்பட்டது.