சிறைச் சுவருக்கு அப்பால் பிள்ளைகள்: பூந்தமல்லி முதல் புழல் வரை

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், திருப்பெரும்புதூருக்கு முன்பாக வரும் ஊர் பூந்தமல்லி. பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களின்கீழ் தமிழ்நாட்டில் நடந்த பெரிய வழக்குகளோடு இந்த ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. முதலில் தடா, பிறகு பொடா, இன்று தேசியப் புலனாய்வு முகமையின் வழக்குகள் எனச் சட்டங்கள் மாறினாலும் தனி நீதிமன்றம் இங்கேயே இருந்துவருகிறது. 2002இல் பொடாவில் கைதான வைகோவின் வழக்கும் இங்குதான் நடந்தது. இந்த வழக்குகளின் அரசியல் குறித்து எழுதப்பட்டவை ஏராளம். கைதானவர்களின் பிள்ளைகளைப் பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு. ராஜீவ் காந்தி கொலை வழக்கு இதில் ஒரு விதிவிலக்கு. அந்த வழக்கில் ஒரு குழந்தை, உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் வாசகத்துக்குள்ளேயே இடம்பெற்றது.

காவலில் பிறந்த குழந்தை

1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஜூன் 14 அன்று நளினியும் அவருடைய கணவர் முருகனும் சென்னை சைதாப்பேட்டையில் கைது செய்யப்பட்டனர். அப்போது நளினி கருவுற்றிருந்தார். 1992 தொடக்கத்தில், அவர் காவலில் இருந்தபோதே பெண் குழந்தை பிறந்தது.

நம் ஊர்களில் தாய் சிறைக்குப் போனால் குழந்தையைப் பாட்டி தூக்கிக்கொள்வார். தாய்மாமன் வீடு இருக்கும். இங்கே அந்த வழியும் அடைபட்டிருந்தது. நளினியின் தாயும் தம்பியும் அதே வழக்கில் குற்றம் சாட்டப்பட்டு உள்ளே இருந்தனர். குழந்தை தன் தொடக்க காலத்தைச் சிறையில் கழித்தது. பின்னர் உறவினர்களின் பொறுப்பில் வெளிநாட்டில் வளர்ந்தது.

விசாரணை பூந்தமல்லியில், பொதுமக்களுக்கு அனுமதியின்றி நடந்தது. 1998 ஜனவரி 28 அன்று நீதிபதி வி. நவநீதம் குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தார். தாய், தந்தை, பாட்டி, தாய்மாமன் ஆகிய நால்வருக்கும் ஒரே நாளில் தூக்கு எனத் தீர்ப்பு வந்தபோது அந்தக் குழந்தைக்கு வயது ஆறு.

1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் தடா குற்றச்சாட்டுகளை ஒதுக்கியது. பாட்டியும் தாய்மாமனும் உட்பட 19 பேர் விடுதலைக்கு வழி பிறந்தது. நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகியோரின் தூக்கு உறுதியானது. ஆனால் நளினியின் தண்டனையில் மட்டும் நீதிபதிகள் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. அமர்வில் இருந்த மூவரில் ஒருவரான நீதிபதி கே.டி. தாமஸ், தந்தையின் மரண தண்டனை உறுதியாகிவிட்ட நிலையில் தாயையும் தூக்கிலிட்டால் ஒரு பாவமும் அறியாத குழந்தை அநாதையாகும் என்று கருதினார். மற்ற இருவரும் அதை ஏற்கவில்லை.

தாமஸின் கருத்து தோற்றது உண்மை. ஆனால் நீதிமன்றத்துக்கு வெளியே அதே வாதம்தான் வென்றது. ராஜீவின் மனைவி சோனியா காந்தியே நளினியைத் தூக்கிலிட வேண்டாம் என்று குடியரசுத் தலைவரிடம் கேட்டுக்கொண்டார். 2000 ஏப்ரலில் தமிழ்நாடு அமைச்சரவையின் பரிந்துரையை ஏற்று ஆளுநர் பாத்திமா பீவி நளினியின் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்.

இதே கேள்வி பின்னாளில் தென்னாப்பிரிக்காவின் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் முன் வந்தது. கடன் அட்டை மோசடியில் தண்டனை பெற்ற, மூன்று மகன்களைத் தனியாக வளர்த்துவந்த ஒரு தாயின் வழக்கு அது; தீர்ப்பு 2007இல் வந்தது. பிள்ளைகளை வளர்ப்பவரைச் சிறைக்கு அனுப்புமுன் பிள்ளைகளின் நலனை நீதிமன்றம் தானாகவே விசாரித்தறிய வேண்டும் என்று நீதிபதி ஆல்பி சாக்ஸ் எழுதினார். கொலைச் சதியையும் கடன் அட்டை மோசடியையும் ஒரே தட்டில் வைக்க முடியாதுதான். ஆனால் இங்கே கருணையாகக் கிடைத்தது, அங்கே நீதிமன்றத்தின் கடமையாக வகுக்கப்பட்டது.

திருப்பெரும்புதூரில் ராஜீவோடு காவலர்கள், கட்சித் தொண்டர்கள் என மேலும் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தனர். குற்றவாளியின் குழந்தைக்காகப் பேசும்போதெல்லாம் இவர்களைச் சுட்டிக்காட்டி எதிர்வாதம் எழுவது இயல்பே. அந்த வலி நியாயமானது. ஆனால் ஒரு குழந்தை தந்தையை இழந்ததற்கு ஈடாக இன்னொரு குழந்தை தாயை இழக்க வேண்டும் என்பது எந்தக் கணக்கு? 2008இல் ராஜீவின் மகள் பிரியங்கா, வேலூர் சிறைக்குச் சென்று நளினியைச் சந்தித்தார்.

தண்டனைக் கைதிகளின் விடுப்பைத் தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் விதிகள் ஒழுங்குபடுத்துகின்றன. விடுப்புக்கு உரிய காரணங்களில் பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கையும் திருமணமும் உண்டு. பெற்றோர் என்னும் உறவைச் சிறை விதிகள் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் இடம் இது. மகளின் திருமண ஏற்பாடுகளுக்காக நளினி ஆறு மாத விடுப்புக் கேட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தில் தானே வாதாடினார். ஒரு மாதம் கிடைத்தது. 2019 ஜூலையில் வெளியே வந்தார். 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தபோது மகளுக்கு வயது முப்பது.

ஆறு வயது என்னும் எல்லை

இந்தியச் சட்டத்தில் கைதியின் குழந்தை என்னும் பேச்சு வரும் இடங்களில் 'ஆறு' என்ற எண் திரும்பத் திரும்ப வருகிறது. 1911இன் குற்றப் பழங்குடியினர் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் பொருந்தியது. ஆறு வயதுக்கு மேல் பதினெட்டுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் சேர்க்க அது அரசுக்கு அதிகாரம் தந்தது. அந்தப் பெற்றோர் எந்தக் குற்றமும் செய்திருக்க வேண்டியதில்லை. கள்ளர், குறவர் போன்ற சாதிகளில் பிறந்திருந்தாலே பட்டியலில் சேர்க்கப் போதும். சென்னை மாகாணத்தில் இந்தச் சட்டம் 1947இல் நீக்கப்பட்டது.

1994இல் ஆர்.டி. உபாத்யாய் தொடுத்த வழக்கில் 2006 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் விரிவான நெறிமுறைகளை வகுத்தது. குழந்தை ஆறு வயது வரை தாயோடு சிறையில் இருக்கலாம். காப்பகமும் மழலையர் பள்ளியும் இருக்க வேண்டும். சிறையில் பிறந்தாலும் பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் சிறை என எழுதக் கூடாது. ஆறு வயது முடிந்ததும் தாயின் விருப்பப்படி உறவினரிடமோ சமூக நலத் துறையின் இல்லத்திலோ ஒப்படைக்க வேண்டும். வாரம் ஒருமுறையாவது தாயைப் பார்க்க அனுமதி வேண்டும். சான்றிதழ் பற்றிய விதி சிறியதாகத் தோன்றலாம். பள்ளியில் சேர்க்கும் நாளில்தான் அதன் அருமை தெரியும்.

எண்ணப்படாத பிள்ளைகள்

பூங்கா நகரில் இருந்த பழைய மத்தியச் சிறை 2006இல் மூடப்பட்டு, கைதிகள் புழலுக்கு மாற்றப்பட்டனர். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் கைதாகும் பலர் இன்று போய்ச் சேரும் இடம் புழல்தான். அங்கே கைதியைச் சந்திப்பதை 'மனு பார்ப்பது' என்பார்கள். அப்பாவை மனு பார்க்க வேண்டுமானால் பிள்ளை பள்ளிக்கு விடுப்பு எடுக்க வேண்டும். கூட வரும் அம்மாவுக்கு அன்றைய கூலி போகும். வாய்தா நாளில் நீதிமன்ற வாசலில் காத்திருப்பது இன்னொரு நாள். குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டால் வழக்கின் முடிவு வராமலே ஓராண்டு வரை ஓடிவிடும்.

2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் சுமார் 1,500 பெண்கள் தம்மோடு 1,700க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்திருந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை கூறுகிறது. அதே நாளில் சிறையில் இருந்த மொத்தக் கைதிகள் 5.73 லட்சம். அவர்களில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள், அதாவது குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். பெண்கள் நூற்றுக்கு நான்கைந்து பேர் மட்டுமே. ஆக, பெற்றோர் சிறையில் உள்ள பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் சிறைக்கு வெளியே, தந்தை இல்லாத வீடுகளில் வாழ்கிறார்கள். அறிக்கையில் கைதியின் வயதுக்கும் படிப்புக்கும் மதத்துக்கும் அட்டவணைகள் உண்டு. வீட்டில் விட்டுவந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்பதற்கு ஓர் அட்டவணையும் இல்லை.